எந்தையார் கண்ட பச்சையொளி

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் மாணவர்க்கு ஒளிநூலில் யாது வேலை என்று இம்மலரைப் புரட்டும் அன்பர் சிலர் வினவுதல் கூடும். வினா நேரியதே. யாம் பௌதிகப் பாடத்தைப் பள்ளிப் படிப்போடு கைவிட்டு நீங்கினோம். வேகத்துக்கும் முடுக்கத்துக்கும் உள்ள வேற்றுமையை இன்றும் ஒரு கணம் நின்று எண்ணியே சொல்ல வல்லோம். ஆயினும் சென்ற விடுமுறையில் எம் இல்லத்தில் நேர்ந்ததொரு நிகழ்ச்சி, யாம் விட்டுவந்த அப்பாடத்தின் வாயிலிலேயே எம்மை மீண்டும் கொண்டு நிறுத்திற்று. அதனை உள்ளவாறு உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எம் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் குடுமியான்மலைக்கு அணித்தாயுள்ள ஒரு சிற்றூர். எம் தந்தையார் தொடக்கப்பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். இரவுதோறும் குடும்ப ஜெபவேளையில் வேதாகமத்தை அவரே வாசிப்பார். அவர் வாசிக்க யாங்கள் கேட்பது, எமக்கு நினைவு தெரிந்த நாள்தொட்டு மாறாத வழக்கம். சென்ற ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓரிரவு, அவருக்கு அருகில் அமர்ந்திருந்த யாம் தற்செயலாய்ப் புத்தகத்தை நோக்கினோம். அவர் வாயினின்று வந்தது சங்கீதம். அவர் மடியில் விரிந்து கிடந்ததோ நாளாகமம். அவர் வாசிக்கவில்லை, மனப்பாடமாய் உள்ளதைச் சொல்லிக்கொண்டிருந்தார். உரிய இடம் வந்தபோது விரலால் ஏட்டைத் திருப்பவும் செய்தார்.

யாம் அதனைக் கண்டும் வாய் திறந்திலோம். கேட்டால் அவர் நாணுவாரோ என்று எண்ணினோம் என்று சொல்லிக்கொள்ளலாம், உண்மை அதுவன்று. கேட்டால் அதன்பின் செய்யவேண்டியவை பல உண்டென்று அறிந்தே கேளாதிருந்தோம். விடுமுறை முடிந்ததும் கல்லூரிக்குத் திரும்பினோம். மூன்று திங்கள் கழித்து அன்னையார் தொலைபேசியில் அழுதபோதுதான், இடக்கண்ணில் திரை விழுந்தாற்போல் இருள் கவிந்துவிட்டதென அறிந்தோம். பன்னிரண்டு ஆண்டுகளாய் அவரைப் பற்றிய நீரிழிவு நோய் விழித்திரையைத் தாக்கியிருந்தது. கண் மங்கத் தொடங்கியதை அவர் முன்னரே உணர்ந்திருந்தாராம். எம் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்திய பின்னர் மருத்துவரைப் பார்க்கலாமென நாளைத் தள்ளிக்கொண்டே வந்தாராம்.

மருத்துவர் எம்மையும் உள்ளே அழைத்து விளக்கினார். நீரிழிவினால் விழித்திரையின் நுண்ணிய குருதிக் குழாய்கள் சிதைவுறும். உயிர்க்காற்றுப் போதாத விழித்திரை, புதுக்குழாய்களை முளைப்பிக்கும். முளைத்தவையோ வலுவற்றவை, எளிதில் உடைந்து கண்ணினுள்ளே குருதியைக் கொட்டிவிடும். இடக்கண்ணில் அவ்வாறு நேர்ந்துவிட்டது. வலக்கண்ணிலேனும் அது நேராவண்ணம், விழித்திரையின் ஓரப்பகுதியில் நூற்றுக்கணக்கான நுண்புள்ளிகளை லேசர் ஒளியாற் சுடவேண்டும். ஓரத்தின் தேவை குறைந்தால் புதுக்குழாய்கள் வாடிப்போம்; நடுப்பார்வை காக்கப்படும். இழந்த பார்வை இதனால் மீளாது, இருப்பதைக் காத்துக்கொள்ளலாம். இவ்வளவே அவர் கூறிய வாக்குறுதி.

மூன்று அமர்வுகள் நிகழ்ந்தன. முதலமர்வு முடிந்து வெளியே வந்த தந்தையார், நீர் வழியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அப்பா, நடவு முடிந்த வயலை மின்னலில் பார்த்தாற்போல் இருந்தது. அவ்வளவும் பச்சை" என்றார். பின்னர், "அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். கருவியினுள் பிறப்பது கண்ணுக்குத் தோன்றாத ஒளியாம். ஒரு படிகத்தினூடே சென்றதும் பச்சையாகிவிடுமாம். காணாத ஒளி காணும் ஒளியாவது எப்படி? நீ படித்தவன், சொல்" என்றார்.

யாம் விடையறியாது நின்றோம். எம்மைப் பௌதிகம் படிக்கவைக்க வேண்டுமென்று அவர் ஒருகாலத்தில் பெரிதும் விரும்பியதுண்டு. தமிழே படிப்போமென்று யாம் பிடிவாதம் செய்து, இரண்டு நாள் உணவும் மறுத்து, வென்றோம். அன்று மருத்துவமனை வராந்தாவில் அவர் அப்பழங்கதையை எடுத்துரைத்திருந்தால் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனமே எம்மைச் சுட்டது.

ஆதலின் அம்மாதமே, எம்மோடு விடுதியில் உறையும் பௌதிக மாணவராகிய நண்பரை ஊருக்கு அழைத்துச் சென்றோம். ஒரு மாலை இருவரும் குடுமியான்மலைக்குச் சென்று, சிகாநாதசுவாமி கோயிலை அடுத்த குடைவரையின் பக்கத்துப் பாறையில் பொறிக்கப்பெற்றுள்ள இசைக் கல்வெட்டின் முன்னர் அமர்ந்தோம். ஏழாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அக்கல்வெட்டு, சுரங்களை ஏழு பகுதிகளாக வகுத்துக் கிரந்த எழுத்தில் வரிவரியாய்க் காட்டுவது. நண்பர் அதனை நெடுநேரம் நோக்கியிருந்து, "நீர் கேட்ட வினாவுக்கு விடை இங்கேயே தொடங்கலாம்" என்றார்.

"ஷட்ஜத்துக்கும் மேல்ஸ்தாயி ஷட்ஜத்துக்கும் உள்ள உறவு யாது? அதிர்வு இருமடங்கு, அவ்வளவே. ஒளியும் அதிர்வுதான். கருவியினுள் பிறக்கும் அகச்சிவப்பொளியின் அலைநீளம் 1,064 நானோமீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடி கூறாக்கினால் ஒரு கூறே நானோமீட்டர். உம் தந்தையார் கண்ட பச்சையின் அலைநீளம் 532. சரிபாதி. அலைநீளம் பாதியாயின் அதிர்வு இரட்டி. ஆகவே அப்படிகம் செய்தது, ஒளியை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றியதுதான். மனிதக் கண் காணும் நிறங்களெல்லாம் சேர்ந்தே ஏறக்குறைய ஒரு ஸ்தாயிக்குள் அடங்கும் என்பதை நினைவிற் கொள்ளும்."

ஏற்றுவது யாங்ஙனம் என்றோம். அதற்கு அவர் உரைத்தவற்றை எமக்கு விளங்கிய அளவில் இங்கே தருகின்றோம்.

ஒளியென்பது மின்புலமும் காந்தப்புலமும் ஒருங்கே அசைந்து செல்லும் அலை. அது ஒரு மூலக்கூற்றின்மீது படுங்கால் அதன் மின்புலம் ஆங்குள்ள எலெக்ட்ரான் முகிலை இப்பாலும் அப்பாலும் தள்ளுகின்றது. அசையும் அம்முகில் அதே அதிர்வுடைய ஒளியைத் திருப்பி வீசுகின்றது. தள்ளுதல் இருமடங்காயின் அசைவும் இருமடங்கு, மும்மடங்காயின் மும்மடங்கு. இது நேர்விகித ஒழுக்கம். சிவப்பொளி கண்ணாடியுட் புகுந்து சிவப்பாகவே வெளிவருதல் இதனால்தான். ஞாயிற்றின் ஒளியில் உள்ள மின்புலம் மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வோல்ட்டு. எலெக்ட்ரானை அணுவினுள் பிணித்து வைத்திருக்கும் புலமோ மீட்டருக்கு 50,000 கோடி வோல்ட்டு அளவினது. யானைமேற் கொசு அமர்ந்தாற்போன்ற இத்தள்ளுதலுக்கு மூலக்கூறு தன் இயல்பை முற்றும் காட்டுவதில்லை. கொடுத்ததைக் கொடுத்தபடியே திருப்பித் தருகின்றது.

தள்ளுதல் மிக வலியதாகுங்கால் நேர்விகிதம் பிறழ்கின்றது. புலத்தோடு நேராய் வளரும் அசைவின்மேல், புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததோர் அசைவும், கனத்தைப் பொறுத்ததோர் அசைவும் சேர்ந்துகொள்கின்றன. இவற்றுள் வர்க்கத்தைப் பொறுத்ததே எம் கதைக்கு உரியது. நண்பர் ஓர் உவமை சொன்னார். சுவரை ஒட்டிக் கட்டிய ஊஞ்சலை எண்ணுக. முற்றத்தின் பக்கம் அது தாராளமாய்ச் செல்லும். சுவரின் பக்கம் தடையுறும். முற்றத்தின் பக்கம் தள்ளினால் எதிர்பார்த்ததினும் சற்று மிகையாய்ச் செல்லும். சுவரின் பக்கம் தள்ளினால் எதிர்பார்த்ததினும் சற்றுக் குறைவாய்ச் செல்லும்; குறைவு என்பதும் முற்றத்தின் பக்கமாய் விலகியதே அன்றோ? ஆகவே எப்பக்கம் தள்ளினும் விலகல் ஒரே பக்கமாய் நிகழ்கின்றது. ஒரு முழு ஆட்டத்துக்குத் தள்ளுதல் இரண்டு, விலகலும் இரண்டு. அவ்விலகல் ஓர் ஆட்டத்துக்கு இருமுறை எழுவதால், அதனின்று பிறக்கும் ஒளியும் இருமடங்கு அதிர்வுடையதாகின்றது.

இதனுள் ஒரு நிபந்தனை உண்டு. ஊஞ்சலின் இருபுறமும் சம தூரத்தில் சுவர் இருப்பின் அவ்விலகல்கள் எதிரெதிராய்ப் போம். இரட்டித்த அதிர்வு எழாது. அஃதாவது, நடுப்புள்ளியைப் பற்றி இருபுறமும் ஒத்திருக்கும் மூலக்கூறு இவ்வேலைக்கு உதவாது. பென்சீன் அழகிய சமச்சீருடையது. ஆதலின் அது ஒளியை இரட்டிப்பதில்லை. அதே பென்சீன் வளையத்தின் ஒரு முனையில் எலெக்ட்ரானை ஈயும் அமினோத் தொகுதியையும், எதிர்முனையில் அதனை ஈர்க்கும் நைட்ரோத் தொகுதியையும் பிணைத்தால் பாரா நைட்ரோ அனிலீன் ஆகும். அதன் எலெக்ட்ரான் முகில் ஒரு பக்கமாய் எளிதிற் சாயும். இரட்டிக்கும் ஆற்றலும் அதற்கு மிகுதி. ஆனால் அதன் படிகத்திலோ மூலக்கூறுகள் தலையும் காலும் மாறி இணையிணையாய்ப் படுத்துக்கொள்வதால் ஒன்றன் பயனை மற்றொன்று அழித்துவிடுகின்றது. தனியே ஆற்றலுடையவர் கூடியிருந்து பயனற்றுப்போவதை மாணவர் சங்கங்களிலும் கண்டிருக்கின்றோம் என்றார் நண்பர். எம் ஊரில் வயலுக்கு இடும் யூரியாவின் படிகம் அவ்வாறு கெடாதது. புதுப் பொருளொன்றின் இரட்டிக்கும் ஆற்றலைப் பொடியாக்கி அளக்குங்கால் ஒப்புநோக்க வைக்கும் பொருள்களுள் யூரியாவும் ஒன்று எனக் கேட்டு வியந்தோம். எம் வீட்டுத் திண்ணையில் அது மூட்டையாய்க் கிடக்கின்றது.

இக்கல்வியின் வரலாற்றிலும் எம் போன்றார்க்கு நெருக்கமானவர் உளர். 1875ஆம் ஆண்டில் ஜான் கெர் என்னும் ஸ்காத்லாந்து நாட்டவர், கண்ணாடியிலும் பின்னர்த் திரவங்களிலும் வலிய மின்புலத்தைச் செலுத்தி, அவை ஒளியை இரட்டை விலகலுக்கு உள்ளாக்கக் கண்டார். புலம் இருமடங்காயின் விளைவு நான்மடங்காயிற்று. அவர் இறையியல் பயின்றவர். கிளாஸ்கோ நகரில் திருச்சபை நடத்திய ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர்.

இவ்விளைவுக்கு மூலக்கூறுகளின் அமைப்பே காரணம் என்பதை ஆராய்ந்தோருள் இருவர் தமிழ்நாட்டார். கல்கத்தாவில் சர் சி. வி. இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் 1927ஆம் ஆண்டில், ஒரு மூலக்கூறு மின்முனைப்பு உடையதா, ஒளியை எல்லாப் பக்கமும் ஒருபடித்தாய் ஏற்பதா அன்றா என்பவற்றையும் கெர் விளைவின் அளவையும் இணைத்து ஆய்வுரைகள் வெளியிட்டனர். மின்புலம் மூலக்கூறுகளைச் சற்றே ஒரு முகமாய்த் திருப்புவதால் திரவமும் படிகம்போல் நடக்கின்றது என்பது இதன் உட்பொருள். மறு ஆண்டு, 1928 பெப்ருவரி 28ஆம் நாள் கண்டறியப்பட்ட இராமன் விளைவினை உலகறியும். அதற்கு முன்னோடியான இவ்வுழைப்பினை அறிந்தார் சிலரே. கிருஷ்ணன் 1898ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பிற் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்றவர். மிஷன் கல்லூரி மாணவர் ஒருவர் தமிழ்ப் பற்றையும் பௌதிக ஆராய்ச்சியையும் ஒருசேரப் பேணியதை அறிந்தபோது, எம் தந்தையாரோடு யாம் இட்ட வழக்கு வீண்வழக்கென்று உணர்ந்தோம். இரண்டில் ஒன்றைத்தான் கொள்ளவேண்டுமென்று எம்மை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. யாமே மற்றதன் கதவை அடைத்தோம்.

கெர் பயன்படுத்தியது மின்கலங்களும் தூண்டுசுருளும் தந்த புலம். ஒளியின் மின்புலமே மூலக்கூற்றை அவ்வளவு வலிதாய்த் தள்ளுவதற்கு லேசர் தோன்றவேண்டியிருந்தது. 1960 மே 16ஆம் நாள் மெய்மன் என்பார் அமெரிக்காவில் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை ஒளிரச் செய்தார். மறு ஆண்டே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிராங்கனும் அவர் தோழரும் 694.3 நானோமீட்டர் அலைநீளமுடைய அச்செவ்வொளியைக் குவார்ட்ஸ் படிகத்துட் செலுத்தினர். வெளிவந்த ஒளியைப் புகைப்படத் தகட்டில் வாங்கியபோது, செவ்வொளி பதிந்த பெரிய மறுவுக்கு வெகு தொலைவில், 347 நானோமீட்டருக்கு உரிய இடத்தில், மிகச்சிறு புள்ளியொன்று தென்பட்டது. சென்ற ஒளியுள் கோடியில் ஒரு பங்கினும் குறைவே இரட்டித்திருந்தது. அச்செய்தி 1961 ஆகஸ்டு 15ஆம் நாள் வெளியான ஆய்விதழில் அச்சேறிற்று. அச்சிட்டவர் அப்புள்ளியைத் தகட்டின் அழுக்கென்று கருதி அழித்துவிட்டனராம். ஆகவே கண்டுபிடிப்பை அறிவிக்கும் அப்படத்தில் கண்டுபிடிப்பு மட்டும் இல்லை. அம்புக்குறியொன்று வெற்றிடத்தைச் சுட்டிக்கொண்டு நிற்கின்றது. கிருஷ்ணன் அதற்கு இரண்டு திங்கள் முன்னர், அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மறைந்துவிட்டார்.

கோடியில் ஒரு பங்கு, கண்ணைச் சுடவல்ல ஒளியாய் வளர்ந்தது எவ்வாறு? படிகத்தின் ஒவ்வோரிடத்தும் பிறக்கும் பச்சையலைகள் ஒன்றோடொன்று தாளம் தப்பாது சேரவேண்டும். பாடற்குழுவில் பின்வரிசையார் அரை மாத்திரை தாமதித்தாலும் பாட்டுக் குலைவதுபோல, அகச்சிவப்பொளியும் பச்சையொளியும் வெவ்வேறு வேகத்திற் சென்றால் பிறந்தவை தம்முள் அழியும். ஆகவே இரண்டும் ஒரே வேகத்திற் செல்லும் திசையைத் தேர்ந்து, அக்கோணத்திற் படிகத்தை வெட்டுகின்றனர். பொட்டாசியம் டைட்டனைல் பாஸ்பேட்டு என்பது இவ்வாறு பயன்படும் படிகங்களுள் ஒன்று. கண்ணுக்கு அகச்சிவப்பை நேரே செலுத்தலாகாதோ எனின், குருதியின் செந்நிறப்பொருள் அதனைக் குறைவாகவே கவரும். பச்சையையோ மிகுதியாய்க் கவரும். விழித்திரைக்கு அடியிலுள்ள நிறமிப்படலமும் பச்சையை நன்கு ஏற்று வெம்மையாக்கும். ஆகவே ஒரு ஸ்தாயி ஏற்றுதல் வேடிக்கையன்று. மருத்துவனுக்கு அதுவே வேண்டுவது.

பொழுது சாய்ந்து கல்வெட்டின் எழுத்து மறையுமளவும் பேசியிருந்து இல்லம் திரும்பினோம். அன்றிரவு ஜெபம் முடிந்தபின், திண்ணையில் தந்தையாருக்கு இவையனைத்தையும் எம்மாலியன்ற தமிழில் எடுத்துச் சொன்னோம். ஊஞ்சலின் உவமையை அவர் இருமுறை கேட்டார். பின்னர் நெடுநேரம் பேசாதிருந்து, "ஒத்திருப்பதே நிறைவு என்று நாற்பது பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தியே காலம் கழித்தேன். ஒரு பக்கம் சாய்ந்த பிள்ளைகளை எத்தனை முறை அடித்து நிமிர்த்தியிருக்கிறேன்!" என்றார். யாமும் அப்போது மற்றொன்றைச் சொல்லிவிட்டோம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவர் மடியிற் கிடந்தது நாளாகமம் என்பதை அன்றே அறிந்தும் வாளாவிருந்தோம் என்றோம். "நீ பார்த்தது எனக்குத் தெரியும்" என்றார் அவர். "கேட்டுவிடுவாயோ என்று அஞ்சிக்கொண்டேதான் ஏட்டைத் திருப்பினேன்." இருவரும் அஞ்சி மறைத்ததற்கு விலை இடக்கண்.

வலக்கண் இப்போது நிலைத்திருக்கின்றது. சுட்ட இடங்களிற் பார்வை மங்கியதால் இருட்டில் அவர் சுவரைப் பற்றியே நடக்கின்றார். பக்கவாட்டில் வரும் வண்டி அவருக்கு எளிதிற் புலப்படுவதில்லை. ஆயினும் நேர் எதிரே உள்ள எழுத்துத் தெரிகின்றது. இக்கட்டுரையை மலர்க்குழுவினர்க்கு அனுப்புமுன் அவரிடம் கொடுத்தோம். யாமே வாசிக்கின்றோம் என்றதற்கு உடன்படாது, கண்ணாடியை அணிந்து, சன்னலருகில் நாற்காலியை இட்டுக்கொண்டு, காலை உணவு ஆறிப்போகுமளவும் தாமே படித்தார்.

படித்து முடித்து ஏடுகளைத் திருப்பித் தந்தபோது யாதும் புகழ்ந்தாரில்லை. மூன்றாம் பக்கத்தில், "பச்சைஒளி" என்று பிரித்தெழுதியிருந்ததைச் சேர்த்தெழுதியிருந்தார். ஐந்தாம் பக்கத்தில், பிராங்கனின் புள்ளி அழிக்கப்பட்டதைக் கூறும் வரிக்கு இரண்டு வரி கீழே, மெய்யெழுத்தொன்றில் யாம் இடமறந்த புள்ளியைச் சிவப்புப் பென்சிலால் இட்டிருந்தார்.